பிறக்கும்போதே டூரரா? பழைய ரோல்ஸ்-ராய்ஸ் விலைக்கு வரும்போது

சேலம் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் இரண்டு நீளமான இரும்புச் சட்டம், கதவும் கூரையும் இல்லாத இடத்தில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர். புது லாரி சேஸிஸ், பாடி கட்ட நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போய்க்கொண்டிருக்கும். கம்பெனி விற்றது அவ்வளவுதான். மேலே வரும் கேபினும் பெட்டியும் வேறு ஒரு பட்டறையின் வேலை.

நூறு வருடங்களுக்கு முன்னால் உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களும் இப்படித்தான் விற்பனையாகின. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், ரேடியேட்டர், பானெட் எல்லாம் பூட்டிய சேஸிஸ் மட்டுமே. உட்காரும் இடம், கதவு, கூரை, தோல் மெத்தை, பெயின்ட் எல்லாம் லண்டனில் பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகளில் நடந்தது. அவர்கள் முன்பு குதிரை வண்டி கட்டியவர்கள். மரச்சட்டம் அடித்து, அதன் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, வார்னிஷ் மேல் வார்னிஷ் பூசி முடிப்பார்கள்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால்தான் இன்று அப்படி ஒரு கார் விலைக்கு வரும்போது அந்த விளம்பரத்தைச் சரியாகப் படிக்க முடியும். ‘ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 சில்வர் கோஸ்ட் டூரர், பார்க்கர் பாணியில்’ என்று ஒரு வரி இருக்கும். படம் கண்ணைப் பறிக்கும். பித்தளை விளக்குகள், வெள்ளி நிறம், மடக்கிய கேன்வாஸ் கூரை, ஓரத்தில் தொங்கும் உதிரிச் சக்கரம். ஆனால் விலையைத் தீர்மானிக்கும் சொல் கடைசியில் இருக்கிறது. ‘பார்க்கர் கட்டியது’ என்று அது சொல்லவில்லை, ‘பார்க்கர் பாணியில்’ என்கிறது. அதாவது இன்றைய பாடி பிற்காலத்தில் வேறு யாரோ கட்டியது. அதை மறைக்காமல் எழுதிய விற்பனையாளர் நேர்மையானவர்தான். படிக்கிறவர் கவனிக்காமல் தாண்டிப் போவதுதான் பிரச்சினை.

சரி, இந்தக் காருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஹென்றி ராய்ஸ் மான்செஸ்டரில் மின்சாதனங்கள் செய்துகொண்டிருந்த பொறியாளர். சார்லஸ் ரோல்ஸ் லண்டனில் கார் விற்பவர், பிரபு வீட்டுப் பிள்ளை. 1904 மே மாதம் மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். 1906இல் கம்பெனி பதிவானது. அதே வருடம் நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 40/50 குதிரைத் திறன் மாடலைக் காட்டினார்கள். ஆறு சிலிண்டர், மூன்று மூன்றாக இரண்டு வார்ப்புகள், 7,036 சி.சி. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு பேரிங்குகள், அவற்றுக்கு அழுத்தத்தில் எண்ணெய் போகும் ஏற்பாடு. அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் நீளமான கிராங்க் ஷாஃப்ட் அதிர்ந்து முறிவது வழக்கமான வியாதி. ராய்ஸ் தண்டைத் தடிமனாக்கி, தாங்கும் இடங்களைக் கூட்டி அதைத் தீர்த்தார். இந்தக் காரின் புகழ்பெற்ற அமைதி அங்கிருந்து வந்தது.

1907இல் நிர்வாக இயக்குநர் கிளாட் ஜான்சன் ஒரு சேஸிஸை எடுத்து, அதில் பார்க்கர் பட்டறையைக் கொண்டு திறந்த டூரர் பாடி கட்டவைத்தார். அலுமினிய வண்ணம் பூசி, விளக்கு முதலியவற்றுக்கு வெள்ளி முலாம் போட்டு, ‘தி சில்வர் கோஸ்ட்’ என்று பெயர்ப் பலகை மாட்டினார். சேஸிஸ் எண் 60551, பதிவு எண் ஏ.எக்ஸ். 201. அந்த ஒரே வண்டி ஞாயிற்றுக்கிழமைகள் தவிர ஓய்வில்லாமல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே 27 முறை ஓடியது. கட்டாயத்தால் எங்கும் நிற்காமல் அது ஓடிய தூரம் 14,371 மைல், கிட்டத்தட்ட 23,000 கிலோமீட்டர். அதற்கு முன், 629ஆவது மைலில் ஒரே ஒருமுறை நின்றது, அதுவும் சாலை அதிர்ச்சியில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டதால். 15,000 மைல் முடிந்ததும் வண்டியைப் பிரித்துப் போட்டு ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் ஆட்கள் ஒவ்வொரு பாகமாக அளந்தார்கள். தேய்ந்ததை மாற்ற ஆன செலவு 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். சேஸிஸின் விலையோ 985 பவுண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில்வர் கோஸ்ட் என்பது அந்த ஒரு வண்டியின் பெயர். மாடலின் பெயர் 40/50தான். 1925இல் பேன்டம் என்ற புது மாடல் வந்தபிறகு, பழையதையும் புதியதையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் 40/50 முழுவதையும் கம்பெனியே சில்வர் கோஸ்ட் என்று அழைக்கத் தொடங்கியது. மான்செஸ்டரிலும், 1908 முதல் டெர்பியிலும், 1921க்குப் பின் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலும் சேர்த்து 7,800க்கும் மேற்பட்ட சேஸிஸ்கள் உருவாயின. அதனால் ‘சில்வர் கோஸ்ட் விற்பனைக்கு’ என்றால் ஏ.எக்ஸ். 201இன் சகோதரர்களில் ஒன்று என்று அர்த்தம். அந்த மூல வண்டி 1908இல் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டு, 40 வருடம் ஓடி, 1948இல் கம்பெனிக்கே திரும்பி வந்தது.

‘வின்டேஜ்’ என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துப் பார்க்கலாம். நம் ஊரில் பழைய கார் எதுவானாலும் வின்டேஜ் என்கிறோம். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வரம்பு உண்டு. 1919 முதல் 1930 முடிய செய்தது மட்டுமே வின்டேஜ். 1905 முதல் 1918 வரையிலானது எட்வர்டியன், அதற்கு முந்தையது வெட்டரன். எனவே 1912ஆம் ஆண்டு கோஸ்ட்டை எட்வர்டியன் என்றும், 1922ஆம் ஆண்டு கோஸ்ட்டை வின்டேஜ் என்றும் சொல்வார்கள். ஒரே மாடல், இரண்டு பிரிவு. இது பெயர் விவகாரம் மட்டும் இல்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளையே சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுகிறார்கள்.

அப்புறம் ‘டூரர்’. நான்கைந்து பேர் உட்காரும் திறந்த கார். மேலே மடக்கும் கூரை. பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் துணித் திரையைப் பொத்தான் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். கோடையில் ஸ்காட்லாந்துக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் பிரான்ஸின் தென்கரைக்கும் நெடும்பயணம் போக எடுக்கும் வண்டி இது. வசதி உள்ளவர்கள் ஒரே சேஸிஸுக்கு இரண்டு பாடி வைத்திருந்ததும் உண்டு. குளிர் மாதங்களில் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய லிமோசின், வெயில் வந்ததும் அதை இறக்கிவிட்டு டூரர். வண்டி எது, அதன் மேல் இருப்பது எது என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

குழப்பம் பெரிதானது பின்னால்தான். 1930கள் வந்தபோது இந்தக் கார்கள் பழையவை ஆகிவிட்டன. ஏழு லிட்டர் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல், தனி ஓட்டுநர், வரி எல்லாம் சேர்ந்து யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஆனால் சேஸிஸ் மட்டும் தேயவில்லை. அதனால் என்ன செய்தார்கள்? மேலே இருந்த லிமோசின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சவ ஊர்தியாகக் கட்டிக்கொண்டார்கள். நீளமான சட்டம், சத்தமே போடாத எஞ்சின், ஆள் நடக்கும் வேகத்தில் திணறாமல் ஊரும் குணம் இருந்ததால் இறுதி ஊர்வலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. சில வண்டிகள் கராஜ்களில் பழுதான கார்களை இழுக்கும் வண்டிகளாயின, சில சரக்கு ஏற்றின. முதல் உலகப் போரிலேயே பல சேஸிஸ்கள் மேல் இரும்புக் கவசம் ஏறி, அரேபியப் பாலைவனம் வரை போயிருந்தன.

பிறகு 1949இல் ‘20-கோஸ்ட் கிளப்’, 1957இல் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கம் என்று ஆட்கள் ஒன்றுசேரத் தொடங்கியபோது, இந்தச் சேஸிஸ்களைக் கொட்டகைகளிலிருந்து தேடி எடுத்தார்கள். எடுத்தவர்களுக்குக் கையில் கிடைத்தது ஒரு சவ ஊர்தி, அல்லது மழையில் மரச்சட்டம் உளுத்துப்போன லிமோசின். அதன் மேல் எதைக் கட்டுவது? லிமோசின் கட்டக் கூரை வளைவு, ஏற்றி இறக்கும் கண்ணாடி, உள்ளே மர வேலை, துணி வேலை என்று செலவு நீண்டுகொண்டே போகும். டூரர் கட்டுவது சுலபம், எடையும் குறைவு. ஏ.எக்ஸ். 201 போலவே இருக்கும், காற்று முகத்தில் அடிக்க ஓட்டலாம். அதனால் எல்லோரும் டூரர் கட்டினார்கள். சில இடங்களில் நல்ல நிலையில் இருந்த மூடிய பாடியைக்கூட இதற்காகக் கழற்றினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தச்சன் 1911இல் செதுக்கிய கதவை நாம் திரும்பச் செய்யவே முடியாது.

இதன் விளைவை 2012 ஜூன் மாதம் குட்வுட்டில் நடந்த போனாம்ஸ் ஏலத்தில் பார்த்தோம். 1912ஆம் ஆண்டு கோஸ்ட் ஒன்று, பார்க்கர் கட்டிய டபுள் புல்மேன் லிமோசின். டூரர் இல்லை, மூடிய வண்டி. 47 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது அன்று பிறந்த பாடியோடு அப்படியே நின்றதுதான் காரணம். உள்ளே பூ வேலைத் துணி, கண்ணாடித் தடுப்பு, ஓட்டுநருடன் பேசுவதற்கான கருவி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. 1960களில் கோர்கி கம்பெனி வெளியிட்ட பொம்மைக் காருக்கு இந்த வண்டிதான் மாதிரி. அதனால் வண்டிக்கே ‘தி கோர்கி’ என்று பெயர் வந்துவிட்டது. டூரர் வேண்டும் என்று மற்ற லிமோசின்களை எல்லாம் வெட்டியதால், வெட்டுப்படாமல் மிஞ்சிய லிமோசின் விலை ஏறியது.

அப்படியானால் டூரர் விலைக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது பிறக்கும்போதே டூரரா, இல்லை பிற்பாடு டூரர் ஆனதா?

பதில் காகிதத்தில் இருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் ஒவ்வொரு சேஸிஸுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தது. யார் வாங்கினார், எந்தப் பட்டறைக்கு அனுப்பினோம், என்ன பாடி கட்டப்போகிறார்கள், எஞ்சின் எண் என்ன, பின் ஆக்சில் விகிதம் என்ன, ஸ்டியரிங் தண்டு எவ்வளவு சாய்வு, எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தோம் என்றெல்லாம் அதில் இருக்கும். இந்த அட்டைகள் அழியாமல் நின்றன. நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரி கிராமத்தில் ஹன்ட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் ஆர்வலர் சங்கத்தின் பொறுப்பில் பாதுகாத்து வந்தார்கள். வாங்க நினைப்பவர் கேட்டால் நகல் கிடைக்கும். இத்தனை வசதியாக வேரைத் தேட முடிகிற பழைய கார்கள் குறைவு.

அட்டையில் ‘லிமோசின்’ என்று இருந்து, கண்முன்னே டூரர் நின்றால் கதை முடிந்தது. எழுத்து மங்கி இருந்தாலும் ஸ்டியரிங் தண்டு காட்டிக் கொடுக்கும். லிமோசின் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்வார், அதனால் அவருக்குத் தண்டு செங்குத்தாக எழும்பி நிற்கும். டூரரில் முதலாளியே ஓட்டுவார், கொஞ்சம் சாய்ந்து. தண்டும் சாய்ந்திருக்கும். பழைய சவ ஊர்திச் சேஸிஸில் கட்டிய டூரரில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டியரிங் சக்கரம் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். ஓட்டிப் பழகியவர்களுக்குக் காகிதம் இல்லாமலே அது புரிந்துவிடும்.

என் அப்பா பழைய அம்பாசடர் ஒன்று வாங்கியபோது செய்தது ஞாபகம் வருகிறது. பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் தாளில் எழும்பி வந்ததும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். கோஸ்ட் வாங்குபவரும் அதையேதான் செய்கிறார். எத்தனையோ கோடி ரூபாய் வித்தியாசம், ஆனால் வேலை ஒன்றுதான். எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், சேஸிஸ் எண் எல்லாம் அட்டையோடு ஒத்துப்போனால் ஆங்கிலத்தில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பார்கள். நூறு வருடத்தில் எஞ்சின் மாறாமல் இருப்பது சாதாரணமாக நடப்பதில்லை.

பாடியையும் இப்படிப் பார்க்கலாம். கதவுப் படியில் பட்டறையின் பெயர்ப் பட்டை இருக்கும். அது மட்டும் போதாது, பட்டையைப் புதிதாக அடித்துவிடலாம். பின் சீட்டின் மெத்தையைத் தூக்கிப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பட்டறையின் வேலை எண்ணை மரத்தில் குத்தியிருப்பார்கள், அதே எண் கதவுச் சட்டத்திலும் வரும். ஆஷ் மரச்சட்டம் ஒரே நிறத்தில் கறுத்திருக்கிறதா, நடுவில் வெளிறிய புது மரம் ஒட்டுப் போட்டிருக்கிறதா? திருகாணியின் தலையில் கோடு ஒழுங்கில்லாமல் இருக்கிறதா, இயந்திரத்தில் வெட்டிய புதுசா? பானெட் முடிந்து பாடி தொடங்கும் இடத்தில் கோடு இயல்பாக ஓடுகிறதா? அங்கே உயரம் பொருந்தாமல் ஒரு பட்டை வைத்து மறைத்திருந்தால் அந்தப் பாடி வேறு சேஸிஸுக்காகக் கட்டப்பட்டதாக இருக்கலாம். நம் ஊர் டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனால்கூட இதில் பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, எல்லாமே மாறிப்போயிருந்தால்? எந்த அளவு மாறினால் ‘இது அந்தக் கார் இல்லை’ என்று சொல்லலாம்? இந்தக் கேள்வி ஒருமுறை லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அது கோஸ்ட் இல்லை, ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 1929லும் 1930லும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த வண்டி. பிறகு பந்தயத்துக்காக மாற்றி மாற்றிக் கட்டினார்கள். 1932இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் விபத்துக்குள்ளாகி அதன் ஓட்டுநர் இறந்தார். அதன்பின் மறுபடி கட்டப்பட்டது. 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், ‘இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இல்லை’ என்று பின்வாங்கியது. 1929இல் ஓடியபோது இருந்த பாகங்கள் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை என்பது விசாரணையில் தெளிவானது. ஆனாலும் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். அவர் பார்த்தது பாகங்களின் கணக்கை அல்ல, வாழ்க்கையின் தொடர்ச்சியை. அந்த வண்டி எந்தக் காலகட்டத்திலும் செத்து மறுபடி பிறக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதே வண்டியாக அது ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தது. இன்னொரு வண்டி எழுந்து வந்து ‘நான்தான் அது’ என்று சொல்லவும் முடியாது.

இந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. அதோடு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. தொடர்ச்சி உண்மை என்றால் அதைக் காட்டச் சாட்சி வேண்டும். 1935இல் சவ ஊர்தியாக நின்ற புகைப்படம், 1952இல் பாடி மாற்றிய பட்டறையின் ரசீது, பழைய பதிவுப் புத்தகம் என்று கண்ணி விடாமல் வரும் வண்டியை, டூரர் பாடி புதிதாக இருந்தாலும், நம்பி வாங்கலாம். நடுவில் 30 வருடம் காகிதமே இல்லாத வண்டி, பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும், சந்தேகத்துக்குரியதுதான்.

இனி எஞ்சின் பக்கம். பல விளம்பரங்களில் ‘லண்டன்–எடின்பரோ வகை’, ‘ஆல்பைன் ஈகிள்’ என்ற சொற்கள் வரும். இரண்டுக்கும் பின்னால் உண்மையான கதை உண்டு. 1911இல் சேஸிஸ் எண் 1701 கொண்ட இலகுவான டூரர், எர்னஸ்ட் ஹைவ்ஸ் ஓட்ட, லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பியது. வழி முழுவதும் டாப் கியர் மட்டும்! அதிலும் கேலனுக்கு 24.32 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 8.6 கிலோமீட்டர் கொடுத்தது. அதே வண்டி புரூக்லண்ட்ஸில் மணிக்கு 78.26 மைல் வேகமும் காட்டியது. பிறகு ஒடுக்கமான பாடி போட்டு 101.8 மைலைத் தொட்டார்கள்.

அடுத்த வருடமே கம்பெனிக்கு அடி விழுந்தது. 1912 ஆல்பைன் பந்தயத்தில் ஜேம்ஸ் ராட்லி என்பவரின் கோஸ்ட், ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. எஞ்சினில் குறை இல்லை, கியர்பாக்ஸில்தான். முதலில் நான்கு கியர் வைத்திருந்த கம்பெனி, 1909இல் அதை மூன்றாகக் குறைத்திருந்தது. அந்த மூன்றில் கீழ்க் கியர் அத்தனை செங்குத்தான ஏற்றத்துக்குப் போதவில்லை. டெர்பியில் அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு மறுபடி நான்கு கியர் பாக்ஸ் செய்தார்கள், ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள், 1913இல் அணியாகப் போய் அதே மலைகளில் எல்லோரையும் பின்னால் விட்டார்கள். அந்த வகைக்கு ‘கான்டினென்டல்’ என்று கம்பெனி பெயரிட்டது. மக்கள் ‘ஆல்பைன் ஈகிள்’ என்றார்கள், அதுவே நிலைத்தது.

இந்தப் பட்டங்களை விளம்பரத்தில் பார்த்தால் மறுபடி அட்டைக்கே போக வேண்டும். சாதாரண சேஸிஸில் சாய்ந்த பானெட்டும் இலகு பாடியும் போட்டுவிட்டால் பார்வைக்கு லண்டன்–எடின்பரோ ஆகிவிடும். அப்படிக் கட்டிய வண்டி ஓட்டுவதற்கு அருமையாக இருக்கலாம். ஆனால் அந்த வகைக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

எஞ்சினில் பயப்பட வேண்டிய இடம் சிலிண்டர் வார்ப்பு. கோஸ்ட்டில் தலைப்பகுதி தனியாகக் கழன்று வராது, சிலிண்டரோடு சேர்ந்தே வார்த்தது. சுற்றிலும் தண்ணீர் ஓடும் அறை. நூறு வருடத் துரு உள்ளே தின்றிருக்கும், எங்காவது குளிரில் தண்ணீர் உறைந்து விரிசல் விட்டிருக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டால் எதுவும் தெரியாது. புது வார்ப்பு இன்றும் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செலவை விசாரித்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது. பிரேக் இன்னொரு விஷயம். 1923-24 வரை முன்சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1919இல்தான் வந்தது. முதலில் வந்த வண்டிகளில் பின்னால் பொருத்திக்கொண்டிருந்தால் அது குற்றம் இல்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டுக்கும் இந்தக் காருக்கும் உறவு உண்டு. சமஸ்தான மன்னர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஹைதராபாத் நிஜாம் வரவழைத்த 1912ஆம் ஆண்டு கோஸ்ட், பார்க்கர் கட்டிய மஞ்சள் நிற சிம்மாசனக் கார், சௌமஹல்லா அரண்மனையில் இன்றும் நிற்கிறது. அதிகம் ஓடாமலே இருந்ததால் பாடி அப்படியே இருக்கிறது. ஹைதராபாத் போகிறவர்கள் சார்மினாரோடு திரும்பிவிடாமல் அதையும் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் பல மன்னர் குடும்பங்கள் கார்களை விற்றன, நிறைய வண்டிகள் கப்பலேறின. பிறகு அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதி இங்கே பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. 50 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. இதையெல்லாம்விட முக்கியமான நிபந்தனை, சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது. 1950களில் டூரர் ஆக்கப்பட்ட ஒரு லிமோசின் இந்த நிபந்தனைக்குள் வருமா என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாற்றமே இப்போது 70 வருடப் பழசு. எழுபது வருடம் அந்தச் சேஸிஸோடு சேர்ந்து ஓடிய பாடியையும் அதன் வரலாற்றின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அதை மறுபடி கழற்றி, ‘பழைய நிலைக்கு’ என்று புதிதாக லிமோசின் கட்டினால் 1912 திரும்பாது, 1950களும் போய்விடும்.

ஏலத்தில் எடுப்பதானால் கணக்கு ஒன்று உண்டு. சுத்தியல் தட்டும்போது சொல்லும் தொகை கடைசி விலை இல்லை. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கமிஷன் கட்ட வேண்டும், அதற்கு வரியும் உண்டு. பத்திரிகையில் வரும் தொகை பெரும்பாலும் கமிஷன் சேர்த்தது. விற்பவர் ரகசியமாக ஒரு குறைந்தபட்ச விலை சொல்லி வைத்திருப்பார். கேள்வி அதற்குக் கீழே நின்றால் வண்டி விற்காமல் வீட்டுக்குப் போகும். அதன்பின் ஏலத்துக்கு வெளியே நேரடியாகப் பேசிச் சல்லிசாக முடிப்பதும் நடக்கிறது. காத்திருப்பவருக்கு அது நல்ல நேரம்.

காகிதம் எல்லாம் பார்த்தாயிற்று என்றால், வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், அடுத்த நாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதே மேல்.

காலையில் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது. டேஷ்போர்டில் இருக்கும் சின்னக் கை பம்பை நாலைந்து முறை அடித்து, டேங்கில் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல எழும். ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் சின்ன லீவர்கள். பொறி விழும் நேரத்தை மாற்றும் ஒன்றில் ‘லேட்’, ‘எர்லி’ என்று எழுதியிருக்கும், அதை லேட்டில் வைக்க வேண்டும். கலவை லீவரை ‘ஸ்ட்ராங்’ பக்கம் தள்ள வேண்டும். ஸ்விட்ச் போடாமல் ஹேண்டிலை நாலு சுற்று சுற்றி, சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியை இழுத்துக்கொள்ளவைப்பார்கள். பிறகு பொறி தரும் கம்பிச்சுருளின் (‘காயில்’) ஸ்விட்சைப் போட்டு ஒரே இழுப்பு.

நல்ல எஞ்சின் என்றால் உறுமாது. ஒரு மூச்சு விட்டது போல இருக்கும், அப்புறம் வால்வுகள் தட்டும் மெல்லிய டிக் டிக் மட்டும் கேட்கும். ரேடியேட்டர் மூடி மேல் நாணயத்தை நிறுத்திக் காட்டுவார்கள். அதை ரசிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் கீழே குனிந்து, வார்ப்பின் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் உபயோகம். அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு ஹேண்டிலைத் தொடாமல் ஸ்விட்சை மட்டும் போட்டு, லேட்–எர்லி லீவரைச் சற்றே அசைக்கச் சொல்லுங்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவியில் பொறி பட்டு, ஆறு சிலிண்டரில் எது சரியான இடத்தில் நின்றதோ அது தண்டைத் தள்ளும். நல்ல நிலையில் உள்ள கோஸ்ட் அந்த விரல் அசைவிலேயே மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.